மஞ்சள் விழுந்த மிளகாய்க் கன்று

அத்தியாயம் 14

ருஷ்தா கேட்டது ஒரேயொரு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஊரே திரண்டு வந்ததால் ஆலங்குடாவில் இரண்டு பேர் மறியலில் அடைபட்டிருக்கிறார்கள், ஒரு படகு கடற்படைக்காரர் கையில் கிடக்கிறது, ஒருவன் எட்டு நாளாகத் தலைமறைவு.

கேள்வி நினைவிருக்கும். பெரிய மச்சான் நிஸார் கொண்டுவந்து கொடுத்த பாரை மீன். மேலே பார்க்க நல்ல புது மீன்தான். வெட்டிப் பார்த்தால் நடுமுள் நொறுங்கிக் கிடந்தது. முள்ளோடு ஒட்டிக் கறுத்த இரத்தம், பிடித்தால் கையோடு வருகிற சதை. ருஷ்தா அதைப் படம் பிடித்து, தான் நடத்துகிற ‘உப்புக்காற்று அடுப்படி’ என்ற முகநூல் குழுவில் போட்டாள். “ராத்தாமாரே, மீன் புதுசு. ஆனா உள்ளுக்கு இப்பிடி இருக்கு. ஏன் எண்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.”

கடற்கரையில் பிறந்த ஒருத்தி இதைக் கேட்கவே மாட்டாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு மீனைப் பூனைக்கு எறிந்திருப்பாள். ருஷ்தாவோ புத்தளம் டவுன் பிள்ளை, உப்பளத்துச் செய்னுலாப்தீனின் மகள். மீன் என்பது சந்தையில் பிறந்து சட்டியில் சாகிற ஒன்று என்றுதான் கலியாணம் முடிக்கும் வரை நினைத்திருந்தாள்.

முந்தல் ஊர் அஸ்ரியா ராத்தாதான் முதலில் பதில் எழுதினாள். “தங்கச்சி, இது வெடி போட்டுப் பிடிச்ச மீன். ஆர் தந்த?”

“பெரிய மச்சான்” என்று எழுதினாள் இவள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது மச்சான், வாய் மட்டும் இவளுடையது.

குழுவில் பதினோராயிரம் பெண்கள். பதினோராயிரம் அடுப்படிகளில் பேசிய பேச்சு வாசலைத் தாண்ட எத்தனை நேரம் வேண்டும்? மறுநாள் விடியும்போது நிஸாரின் படகைக் கடலில் வைத்தே பிடித்துவிட்டார்கள். கூட இருந்த இரண்டு பேர் அகப்பட்டார்கள். நிஸார் தண்ணீரில் குதித்துத் தப்பினான்.

நிஸாரைப் பற்றி ருஷ்தாவுக்குப் பெரிய கவலை இல்லை. அவளுடைய கவலை நிஸாரின் தம்பியைப் பற்றியது. தன் புருஷன் இப்ஹாமைப் பற்றியது.

வெடி இந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. மாமனார் ஜபாரின் வலது கை மணிக்கட்டோடு போனது கடலில் வெடி போடும்போதுதான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து மௌத்தானார். அதனால்தான் ருஷ்தாவைப் பெண் கேட்டு வந்தபோது செய்னுலாப்தீன் ஒரேயொரு வார்த்தை கேட்டார். “வெடியத் தொடமாட்டன் எண்டு அல்லாஹ் மேல ஆணையாச் சொல்லு. வேற ஒண்டும் எனக்கு வேணாம்.” இப்ஹாம் சொன்னான். கடலையே விட்டுவிட்டு, காற்றாடி கட்டி அலையில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஓட்டோ ஓட்டப் போனான்.

படகு பிடிபட்ட அன்றைக்கும் ருஷ்தா அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். “இதுல நீங்க இல்லத்தானே?”

“வல்லாஹி, எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

அல்லாஹ் மேல் ஆணை என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் எட்டு நாளாக அவள் சோறு தின்கிறாள், தூங்குகிறாள்.

*

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனால் ஊர் ஒரு மணித்தியாலம் பெண்களுடையது. அந்த நேரம் பார்த்துத்தான் ருஷ்தா வாராவாரம் குழுவில் நேரலை வருவாள். சமைத்துக்கொண்டே பேசுவாள், தோட்டத்தைக் காட்டுவாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுவாள்.

இந்த வாரம் வேண்டாம் என்றுதான் இருந்தாள். அஸ்ரியா ராத்தா விடவில்லை. “வராட்டி ஒளிச்சிட்டாய் எண்டு சொல்லுவாங்க. ஒளிக்கிறதுக்கு நீ என்ன கள்ள வேலையா செஞ்ச?”

ஆகவே போனைத் தூள் போத்தல்களுக்கு நடுவில் சுவர்த்தட்டில் சாய்த்து வைத்தாள். உலையில் சோறு கொதித்தது. முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே சலாம் சொன்னாள். பின்கதவு திறந்திருந்தது. அதன் வழியே வீட்டைச் சுற்றிய வளவும் மிளகாய்ப் பாத்தியும் படத்தில் தெரிந்தன. முருங்கை நிழலில் நாலு வயது மகள் முஃபீதா மண்ணில் சோறாக்கிக்கொண்டிருந்தாள்.

“ராத்தா, அந்த மஞ்சக் கொச்சிக்கா மரம் இப்ப எப்பிடி?” என்று ஒருத்தி எழுதினாள்.

குழுவில் பழகியவர்களுக்கு அந்தக் கன்று தெரியும். கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது. முழங்கால் ஆழம் குழி வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சு மட்டை அடுக்கி, மீன்தலை போட்டு, மேலே எருமண் நிரப்பி நட்டால்தான் மிளகாய் பிடிக்கும். எட்டுக் குழிகளையும் இப்ஹாமே வெட்டிக் கொடுத்தான். அந்தக் காணொளியைப் போட்ட அன்று குழுவே உருகியது. “இப்பிடிப் புருசன் எந்தக் கடையில விக்கிறாங்க?” என்று ஒருத்தி கேட்க, “மாஷா அல்லாஹ் சொல்லுங்க, கண் படும்” என்று ருஷ்தா பதில் எழுதினாள். பெருமையில் அன்று அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

ஏழு கன்றுகள் இடுப்பளவு வளர்ந்து காய்த்துத் தள்ளின. எட்டாவது மட்டும் சாண் உயரத்தில் நின்று மஞ்சள் விழுந்து சுருண்டது. தண்ணீரும் எருவும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சாம்பல் போடச் சொன்னார்கள், மோர் தெளிக்கச் சொன்னார்கள். அஸ்ரியா ராத்தா மட்டும், “பிடுங்கி வேரப் பாரு தங்கச்சி. நோய் வருத்தம் வேர்லதான் இருக்கும்” என்றாள்.

பிடுங்கப் போனபோது இப்ஹாம்தான் தடுத்தான். “உசிருள்ள மரம். ஒரு காய் காய்க்க முதல்ல பிடுங்கிறது பாவம். விடு.” என்ன ஒரு இளகிய மனசு என்று அவள் நெகிழ்ந்துபோனாள்.

“அப்பிடியேதான் நிக்கிது ராத்தா,” என்று இப்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். “அவருக்குப் பிடுங்க மனசில்லை…”

சிரிப்பு பாதியில் நின்றது. போன் திரையில், தன் தோளுக்குப் பின்னால், கதவை மறைத்துக்கொண்டு ஓர் ஆள் நிற்பது தெரிந்தது.

*

எட்டு நாள் தாடி. மடித்துக் கட்டிய சாரன். நிஸாரின் கண்கள் உறக்கமில்லாமல் சிவந்திருந்தன.

“பொறத்தியாருக்குச் சமச்சிக் காட்டுறியா?” என்றான். “என்ட குடும்பத்தச் சந்தி சிரிக்க வெச்சிட்டு, இஞ்ச உனக்கு முருங்கக்காக் கறி!”

தட்டில் இருந்த போனை அவன் கவனிக்கவில்லை. அடுப்படித் தட்டில் என்ன இருக்கிறது என்று எந்த ஆம்பிளை பார்த்திருக்கிறான்?

“மச்சான், அவர் பள்ளிக்குப் போயிட்டார். வந்த பொறகு கதைங்க.”

“அவன் இல்லாத நேரம் பாத்துத்தான் வந்த.”

அவன் விட்ட முதல் அறையில் அவள் உதடு கிழிந்தது. இரண்டாவதில் தலை சுவரில் மோதியது. மூன்றாவது எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கூந்தலைச் சுருட்டிப் பிடித்து அவளைத் தரையில் இழுத்தான். கால் பட்டு மண்சட்டி உடைந்து, அதன் ஓடு அவளுடைய முழங்காலைக் கிழித்தது.

“எழுது! இப்ப எழுது! பெரிய மச்சான் இல்ல, சந்தையில வாங்கின மீன் எண்டு எழுது!”

“எழுத மாட்டன்.”

இதை எப்படிச் சொன்னாள் என்று பிறகு பலரும் அவளைக் கேட்டார்கள். வீரமொன்றும் இல்லை, ஆத்திரம்தான். தன் சமையலறையில், தன் சட்டியை உடைத்தவன் மேல் வந்த ஆத்திரம்.

அவன் அவளுடைய வயிற்றில் உதைத்தான்.

உள்ளறையில் லுஹர் தொழுதுகொண்டிருந்த மாமி ஆசியா உம்மா சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு, அந்த உடுப்போடு ஓடிவந்தாள். “நிஸார்! என்ன வேல இது? வாப்பாட கை போனது உனக்குக் காணாதா?”

“நீங்க உள்ளுக்குப் போங்க உம்மா.”

“போமாட்டன். என்னயும் அடி. அடிடா!”

அவள் மகனின் சட்டையைப் பிடித்தாள். அவன் உதறினான். ஓங்கி அடிக்கவில்லை, உதறினான், அவ்வளவுதான். அறுபத்தைந்து வயது உடம்புக்கு அது போதும். கதவு நிலையில் நெற்றி அடிபட்டு ஆசியா உம்மா சரிந்தாள். வெள்ளை உடுப்பின் கழுத்து மளமளவென்று சிவந்தது.

பெற்றவளின் இரத்தத்தைப் பார்த்து நிஸார் ஒரு கணம் நின்றான். அந்தக் கணம் ருஷ்தாவுக்குப் போதுமாக இருந்தது. எழுந்தாள். வெறுங்கையால் சோற்றுப் பானையின் விளிம்பைப் பிடித்தாள். உள்ளங்கை பொசுங்கியது அப்போது தெரியவில்லை. கொதிக்கிற கஞ்சியையும் அரைவேக்காட்டுச் சோற்றையும் அவன் மேல் கவிழ்த்தாள்.

கழுத்திலும் இடது தோளிலும் விழுந்தது. நிஸார் போட்ட சத்தத்தில் முருங்கை மரத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன. சட்டையைப் பிய்த்து எறிந்துகொண்டே வளவுக்குள் ஓடினான்.

வேலியால் வெளியே ஓடிவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் ஓடவில்லை. கிணற்றடியில் சாத்தியிருந்த மண்வெட்டியைத் தூக்கினான்.

வளவில் முஃபீதா இருந்தாள்.

ருஷ்தா எப்படி ஓடினாள் என்று தெரியாது. மகளை அள்ளி நெஞ்சோடு அணைத்தபோது, நிஸாரின் மண்வெட்டி முதல் மிளகாய்க் கன்றில் இறங்கியது. காயும் பூவுமாகக் கன்று சாய்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. நாலு மாதப் பாடு. அவள் வாய்விட்டு அழுதாள். அடி வாங்கியபோது வராத அழுகை அது.

அழுதுகொண்டே பார்த்தவளுக்கு ஒன்று உறைத்தது. வஞ்சம் தீர்க்க வந்தவன் கன்றை வெட்டிவிட்டுப் போவான். இவன் வெட்டிய கன்றைக் காலால் தள்ளிவிட்டு, அந்த இடத்தை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினான். பொச்சு மட்டைகளை இழுத்து வெளியே போட்டான். கையை விட்டுத் துழாவினான். எழுந்து அடுத்த கன்றுக்குப் போனான்.

அவன் எதையோ தேடினான்.

*

அடுத்த வளவு றிஸானா தன் வீட்டில் கறிக்குத் தாளித்துக்கொண்டே நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பெண்கள் யாரும் போகாத பள்ளிவாசல் படியில் ஏறி நின்று, தொழுகை முடிந்து எழும்பிய ஆண்களுக்கு முன்னால், “இப்ஹாம் நானா! உங்கட பொஞ்சாதியக் கொல்றாங்க!” என்று கத்தினாள்.

இப்ஹாம் எல்லாருக்கும் முன்னால் செருப்பில்லாமல் ஓடிவந்தான். தொப்பி வழியில் எங்கோ விழுந்திருந்தது. வளவுக்குள் நுழைந்ததும் மனைவியின் வாயில் இரத்தம் கண்டான், கதவடியில் தாயைக் கண்டான். நேரே போய் அண்ணனின் முதுகில் பாய்ந்தான்.

நிஸார் தோண்டிய குழிகளுக்கு மேல் இரண்டு பேரும் புரண்டார்கள். வெந்த தோளில் இப்ஹாமின் கை பட்டதும் நிஸார் அலறினான், அலறிக்கொண்டே தம்பியின் காதைக் கடித்தான். இப்ஹாம் மண்வெட்டியைப் பறித்து, அதன் பிடியால் அண்ணனின் கையில் ஓங்கிப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் வேலிவரை கேட்டது. விடவில்லை. மறுபடியும் போட்டான்.

ருஷ்தாவுக்கு, சொல்ல வெட்கமாக இருந்தாலும், சந்தோஷமாக இருந்தது. என் புருஷன், என் பக்கம் நிற்கிறான், நான் நம்பியது பொய்யில்லை என்று நெஞ்சு விம்மியது.

நிஸார் மண்ணில் மல்லாந்து கிடந்தான். பல்லெல்லாம் இரத்தம். அந்த வாயோடு சிரித்தான்.

“அடிடா. நல்லா அடி. அடிச்சிப் போட்டு உன்ட பொஞ்சாதிக்கிட்டச் சொல்லு, எந்த மரத்துக்குக் கீழ எண்டு.”

மண்வெட்டிப் பிடி அந்தரத்தில் நின்றது.

“பேசாம இரி நானா,” என்று அண்ணனை அதட்டினான் இப்ஹாம்.

“நாலு மரம் தோண்டிட்டன். நீயே காட்டு. பொலிஸ் வந்து எடுக்க முதல்ல நான் எடுக்கோணும்.”

இப்ஹாமின் கண் ஒரு நொடி முருங்கை நிழலுக்குப் போய்வந்தது. மகளின் சிரட்டைச் சட்டிகள் வரிசையாக இருந்த இடத்துக்கு. சாண் உயரத்தில் மஞ்சளாகச் சுருண்டு நின்ற கன்றுக்கு.

ருஷ்தா அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று அவள் பின்னாளில் எத்தனையோ தடவை நினைத்தாள்.

மகளை வேலியோரம் வந்து நின்ற றிஸானாவின் கையில் கொடுத்தாள். “வெளிய கொண்டு போங்க. தூரமாக் கொண்டு போங்க.” நொண்டிக்கொண்டு முருங்கையடிக்குப் போனாள்.

“ருஷ்தா, அதத் தொடாத.”

அவள் குனிந்தாள்.

“ருஷ்தா! சொன்னாக் கேளு! நான் சொல்லுறன், எல்லாம் சொல்லுறன், அதத் தொடாத!”

பொசுங்கிய கையால் கன்றைப் பிடுங்கினாள். எதிர்ப்பே இல்லாமல் வந்தது. வேர் கீழே போகவில்லை. ஒரு சாணுக்குக் கீழே எதிலோ முட்டி, வழியில்லாமல் பக்கவாட்டில் வட்டமாகச் சுருண்டு கிடந்தது. அஸ்ரியா ராத்தா சொன்னது சரி. வருத்தம் வேரில்தான்.

விரலால் மண்ணை மெதுவாக ஒதுக்கினாள். நீல நிற மூடி தெரிந்தது. பெயின்ட் வாளி. மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப். அதைத் திறக்கத் தேவையில்லை. மூடி ஒரு பக்கம் பிளந்திருந்தது; கிழிந்த பொலித்தீனுக்குள் வெடிமருந்து குச்சி குச்சியாக அடுக்கியிருந்தது தெரிந்தது.

இதற்கு மேலேதான் முஃபீதா நாலு மாதமாகச் சோறாக்கினாள். சிரட்டையால் மண் தோண்டி, குச்சியால் குத்தி, வாப்பாவுக்கு ஒரு பிடி, உம்மாவுக்கு ஒரு பிடி என்று பங்கு வைத்தாள்.

“உசிருள்ள மரம் எண்டு சொன்னீங்க,” என்றாள் ருஷ்தா. “புள்ளைக்கு உசிரில்லையா?”

இப்ஹாம் மண்டியிட்டான். காதிலிருந்து இரத்தம் தோளில் சொட்டியது. “ஒரு கிழமைக்கு எண்டுதான் நானா கேட்டார். வேற ஆரும் தேட மாட்டாங்க எண்டார். நான் கடலுக்குப் போகல்ல ருஷ்தா. வெடி போடல்ல. வல்லாஹி, வெச்சது மட்டும்தான்.”

“அந்தச் சொல்ல இனி என்னட்டச் சொல்லாதீங்க.”

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஆசியா உம்மா, நெற்றியை ஒரு கையால் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தாள். மற்றக் கையில் ருஷ்தாவின் போன்.

“புள்ள, இதுக்குள்ள பொம்புளயள் அழுதழுது எழுதுறாங்க,” என்றாள். பிறகு குழிக்குள் பார்த்தாள். நீல வாளியைப் பார்த்தாள். மண்டியிட்டிருந்த இளைய மகனைப் பார்த்தாள். ஜபாரின் கையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அடக்கிய நாளில் கூட அந்த முகம் இப்படி இருந்ததில்லை.

போனை மருமகளிடம் நீட்டினாள்.

“காட்டு.”

“உம்மா, வேணாம்!” என்றான் இப்ஹாம். “என்னயும் பிடிச்சிக்கிட்டுப் போயிருவாங்க உம்மா!”

“காட்டு மகள்.”

திரையில் நாலாயிரத்துக்கு மேல் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொலிசுக்குச் சொல்லியாச்சு, வந்துகொண்டிருக்கிறார்கள், பயப்படாதே என்று வரிகள் ஓடின. தேங்காய்ப்பால் எத்தனை தரம் பிழிவது, கறிவேப்பிலைக்கு என்ன உரம் என்று கேட்கிற அதே பெயர்கள். ருஷ்தா போனைக் குழிக்கு மேல் பிடித்தாள்.

“ராத்தாமாரே, தங்கச்சிமாரே. மஞ்சள் விழுந்த மரத்தப் பிடுங்கிட்டன். வேருக்குக் கீழ இது இருக்கு. என்ன எண்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.”

ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. பிறகு ஒரேயொரு வரி வந்தது, முந்தலிலிருந்து.

“ஆர் வெச்ச தங்கச்சி?”

ஒன்பது நாளைக்கு முன் இப்படி ஒரு கேள்விக்கு யோசிக்காமல் பதில் எழுதியவள் அவள். இப்போது தலையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்தாள். இப்ஹாம் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சந்தியில் பொலிஸ் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது. வேலிக்கு அப்பால், றிஸானாவின் தோளில் இருந்து முஃபீதா, “வாப்பா, என்ட சோத்துச் சட்டி!” என்று கத்தினாள்.

ருஷ்தா உதட்டு இரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.